முதல் கட்டையில் எழுதியிருந்தது

"வச்சுக்கலாம். விக்கக் கூடாது" என்றார் வனவிலங்கு அலுவலகத்து மூன்றாம் கவுன்டர்க்காரர்.

"சரிங்க. இனாமாக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஆனா வாங்கிக்கறவங்க பதிலுக்கு எதுவும் தரக் கூடாது."

"வண்டி வாடகை?"

"அது யார் குடுக்கறாங்கங்கறதைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று கேட்பது போலப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதில் யாரும் இல்லை.

இந்தப் பக்கம் நின்றிருந்த பியானோ ட்யூனர் கையிலிருந்த விண்ணப்பத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "ஏழாவது கட்டத்துல தந்தத்தோட எடை எவ்வளவுன்னு கேட்டிருக்கு. கட்டை மேல ஒட்டியிருக்கறதை எப்படிங்க எடை போடறது?"

"கழட்டித்தான் போடணும்."

"கழட்டலாமா?"

"கழட்டக் கூடாது. கழட்டிட்டா அது பியானோ இல்ல, தனித் தந்தம். தனித் தந்தம் கையில இருந்தா கேஸ்."

"அப்ப தோராயமாப் போட்டுடவா?"

"போடுங்க. ஆனா தோராயம்னு எழுதாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க."

முப்பத்தைந்து வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற மனிதர். இருநூற்றுச் சொச்சம் கம்பிகளில் ஒன்று மயிரிழை இறங்கியிருந்தாலும் அவர் காது காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காதால் இந்த ஆள் சொன்னதில் ஒரு வாக்கியத்தைக்கூடச் சுருதி சேர்க்க முடியவில்லை. வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, கொடுக்கலாம், வாங்கக் கூடாது, எடை போட வேண்டும், எடுக்கக் கூடாது. மண்டை காய்ந்தது.

கிளம்பும்போது கவுன்டர்க்காரர் போகிற போக்கில் ஒன்று கேட்டார். "பின்னால எப்பவாவது புதுசாத் தந்தம் சேர்த்திருக்கா அதுல?"

"சேர்த்திருந்தா?"

"விலக்கு போச்சு. அவ்வளவுதான். எல்லாம் விதிமுறையில இருக்கு, படிச்சுக்குங்க." நகல் எடுக்கும் இயந்திரத்தில் விதிமுறையை ஓட்டி, சூடு ஆறாத மூன்று தாள்களை நீட்டினார். ட்யூனர் வாங்கிக்கொண்டார். இன்னொரு கேள்வி வருவதற்குள் வாசலுக்கு நடந்தார். ஏனென்றால் சேர்த்திருந்தது. சேர்த்தது அவரேதான்.

யானையைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. அதில் ட்யூனருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. யானைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் அவரும் சட்டமும் ஒரே கட்சி. ஆனால் இந்தப் பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் ஒட்டியிருக்கும் யானை, அவருடைய அப்பா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது. அதை இனி யார் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. எழுபத்தைந்தாம் வருஷத்துக்கு முன்னால் செய்த வாத்தியம் என்று நிரூபித்தால் சட்டம் விலக்குக் கொடுக்கும், சான்றிதழ் வரும், பிறகு விற்கலாம். அந்த மட்டும் புரிந்தது.

பியானோ அவருடையது இல்லை, அக்காவுடையது. அக்காவுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷம் அதே பியானோவில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறாள். மகன் வீடு நாலாவது மாடி. லிப்ட்டில் மூன்று பேர் நிற்கலாம், அதில் ஒருவர் குண்டாக இருந்தால் இரண்டு பேர். வீட்டில் காலியாக இருப்பது ஒரே ஒரு சுவர், அதையும் டிவி பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். மகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு, பெரிய ஹால். ஐம்பது வயதுக்கு மேல் அவர் மனைவிக்குப் பியானோ கற்கும் ஆசை வந்திருந்தது. பேச்சு சுலபமாக முடிந்தது. பல் டாக்டர் பியானோவை வாங்கிக்கொள்வார். செவ்வாயும் வெள்ளியும் அக்கா போய் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பாள். பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து தனக்காக வாசித்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனையும். அது இல்லாமல் நாலாவது மாடியில் தன்னால் இருக்க முடியாது என்று அக்கா சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். தம்பியிடம் மட்டும் சொன்னாள்: "இதை மட்டும் எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுடா."

"அதெல்லாம் என் பொறுப்பு, நீ ஏன் கவலைப்படற?" என்று மார்தட்டிக்கொண்டவர்தான் இந்த ட்யூனர்.

மறுநாள் காலை அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போயிருந்தாள், எந்த அலமாரி எங்கே நுழையும் என்று பார்க்க. ட்யூனர் பியானோ முன்னால் உட்கார்ந்து மூன்று தாள்களையும் படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கம் ஒன்று, பிறகு பக்கம் மூன்று, பிறகு பக்கம் ஐந்து. சட்டம் என்றால் அப்படித்தான் தாவித் தாவிப் போகும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் அச்சான தாளை ஒரு பக்கம் மட்டும் நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை இல்லை.

மூன்றாம் பக்கத்தின் தலையில் ஒரு வரி இருந்தது: 'பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் காணப்படின் விலக்கு ரத்தாகும்.' எது பிற்காலம், எது அடையாளம், முந்தின பக்கத்தில் என்ன சொல்லி இந்த வரிக்கு வந்தார்கள் என்று ஒன்றும் இல்லை. அந்த வரியைப் பத்து தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் அது அவரையே பார்த்தது.

மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, இடது கோடியில் இருந்த முதல் கட்டையை உருவி எடுத்தார். விரல் படுகிற இடம் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு வெறும் மரம். அந்த மரத்தின் ஓரத்தில் பென்சிலால் வரிசையாகத் தேதிகள், பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. வேலை முடித்ததும் முதல் கட்டையில் இப்படி எழுதிவிட்டுப் போவது ட்யூனர்களுடைய வழக்கம். வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. முந்தி வந்தவன் பிந்தி வருகிறவனுக்கு வைத்துவிட்டுப் போகிற வணக்கம், அவ்வளவுதான். இந்தக் கட்டையில் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். உச்சியில் இருந்த கையெழுத்து சாய்ந்து சாய்ந்து அழகாக இருக்கும், நூறு வருஷத்தை நெருங்கிய தேதி. கடைசி இருபத்தாறு வருஷமும் ட்யூனருடைய கையெழுத்து.

அதில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வரி: 'இரண்டு கட்டைக்குத் தந்தம் போட்டது.'

ஆமாம், போட்டார். தகடு இரண்டு பெயர்ந்து தொலைந்துபோயிருந்தது. உடைத்துப்போட்ட இன்னொரு கிழட்டுப் பியானோவிலிருந்து எடுத்து ஒட்டினார். வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்ற பெருமையில் எழுதியும் வைத்தார். இப்போது பார்த்தால், தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்ட வாக்குமூலம்.

ரப்பரால் அழித்தார். பென்சில் போனது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் வார்த்தை வார்த்தையாகப் படிக்க முடிந்தது. உப்புத்தாளை எடுத்து அந்த வரியை மட்டும் தேய்த்தார். தடம் போனது, ஆனால் பழுப்பேறிய மரத்தில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துவிட்டது. இங்கே யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற வெளுப்பு. வேறு வழியில்லாமல் மேலும் கீழும் தேய்த்தார். சாய்ந்த கையெழுத்துக்கு வந்தபோது கை ஒரு தடவை நின்றது. பியானோவின் வயதை நிரூபிக்கத்தான் அக்கா வீட்டுப் பழைய போட்டோ இருக்கிறதே, அரைகுறையாக விட்டால் சந்தேகம் வரும் என்று தேய்த்துவிட்டார்.

வினை அத்தோடு முடியவில்லை. முதல் கட்டையைத் திரும்ப உள்ளே வைத்தால், அழுக்கு மரங்களுக்கு நடுவில் அது மட்டும் நேற்றுச் செய்தது மாதிரி நின்றது. இன்னொருவன் என்றால் விட்டிருப்பான். ஒரு கம்பி உயர்ந்து ஒரு கம்பி தாழ்ந்தாலே தூக்கம் வராத ட்யூனரால் விட முடியவில்லை. இரண்டாவது கட்டையை உருவினார். பிறகு மூன்றாவது. சாயங்காலம் நாலு மணிக்கு எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரே நிறமாக இருந்தன. மரத்தூளைத் துடைத்து, பலகையை மாட்டி, கை கழுவிக்கொண்டு வந்து தள்ளி நின்று பார்த்தார். வெகு நேர்த்தியான வேலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பாவம்.

புதன்கிழமை வனவிலங்கு அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்தாள். சின்ன வயதுதான். கையில் டார்ச், தோளில் பை, முகத்தில் அன்றைக்கு அது மூன்றாவது வீடு என்கிற களைப்பு. அக்கா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள்.

"நம்பர் இருக்கா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

இரும்புச் சட்டத்தில் நம்பர் இருந்தது. ஆனால் கம்பெனி என்றைக்கோ மூடிப்போய்விட்டது, எந்த நம்பர் எந்த வருஷம் என்று சொல்கிற புத்தகம் எங்கேயும் இல்லை. ட்யூனர் தயாராக வைத்திருந்த போட்டோவை நீட்டினார். அக்காவின் மாமியார் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் படம், பின்பக்கம் அறுபத்தொன்றாம் வருஷம் என்று மையால் எழுதியது.

இன்ஸ்பெக்டர் வெகு நேரம் பார்த்தாள். "அம்மா நல்லாத் தெரியறாங்க. பியானோதான் தெரியல."

உண்மைதான். மாமியார் அகலமான மனுஷி. பியானோவை முழுக்க மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தபோது அக்காவுக்கு எதையும் விட்டுக்கொடுக்காதவர், போட்டோவிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பரவாயில்ல" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து, பழகிய கையால் முன்பலகையைக் கழற்றி, முதல் கட்டையை உருவினாள். டார்ச் அடித்து ஒரு ஓரம் பார்த்தாள். திருப்பி மறு ஓரம் பார்த்தாள். "இதுல ட்யூனருங்க தேதி எழுதுவாங்களே, எங்க அது?"

ட்யூனர் பேந்தப் பேந்த விழித்தார். "இந்தப் பக்கமெல்லாம் அந்தப் பழக்கம் இல்லீங்க."

"ஏன்டா இல்ல?" தேநீர்த் தட்டோடு அக்கா வந்துகொண்டிருந்தாள். உதவி செய்கிற உற்சாகம் அவள் குரலில் இருந்தது. "நீதானே ஒவ்வொரு தடவையும் காதுல சொருகின பென்சிலை எடுத்து எழுதுவ? பதினாலு பேர் எழுதியிருக்காங்கன்னு நீதானே எனக்கு எண்ணிக் காட்டின? மேல இருக்கறது நூறு வருஷம் ஆகப்போகுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்க. அதைக் காட்டேன் அவங்களுக்கு."

இன்ஸ்பெக்டர் கட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். புது மர வாசனை தேநீரின் வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது. அக்கா தட்டை மேஜையில் வைத்துவிட்டு அந்தக் கட்டையைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் அழிச்சீங்க?"

"பின்னால சேர்த்தது தெரிஞ்சா ரத்துன்னு போட்டிருந்துது. நான் ரெண்டு தகடு சேர்த்திருக்கேன்."

"பழைய பியானோவில இருந்து எடுத்ததா?"

"ஆமா."

"பழசுல இருந்து பழசுக்கு மாத்தினா ஒண்ணும் இல்ல. ரெண்டாம் பக்கத்துல தெளிவா இருக்கே. உள்ளே பென்சில் தேதி இருந்தா வயசுக்கு அதுவே போதும்னும் அதே பக்கத்துலதான் இருக்கு. படிக்கலையா?"

"ரெண்டாம் பக்கம் எனக்கு வரவே இல்லீங்க" என்றார் ட்யூனர். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வீட்டுப்பாடம் தொலைத்த பையன் மாதிரி அந்த மூன்று தாள்களையும் எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எழுதியிருந்ததையும் நான் பார்க்கல, அழிச்சதையும் நான் பார்க்கல. ஆனா இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிச் சான்றிதழ் தர்றது?"

"நான் இனாமாவே குடுத்துடறேம்மா" என்றாள் அக்கா.

"தாராளமா. பதிலுக்கு அவங்க எதுவும் தரக் கூடாது, அவ்வளவுதான்."

"எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போய் வாசிச்சுட்டு வருவேன்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "அது அவங்க உங்களுக்குப் பதிலுக்குத் தர்ற சலுகைன்னு ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"அப்ப நான் வாசிக்கலாமா, கூடாதா?"

"பியானோ வாசிக்கறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வீட்டுல, அந்தப் பியானோவை, குடுத்தவங்களே போய் வாசிக்கறதுன்னா..." பேனாவை மூடிக்கொண்டு, "கேட்டுச் சொல்றேன்" என்றாள். யாரைக் கேட்பாள், மூன்றாம் கவுன்டரையா என்று ட்யூனருக்கு நினைப்பு ஓடியது. சிரிப்பு வரவில்லை.

வழி சொன்னவர் பல் டாக்டர். விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்தார். சட்டத்துக்குப் பயந்தவர், கிளினிக் லைசென்ஸில் கறை விழுமோ என்ற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருந்தாலும் ஒரு தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துக் கூர்ந்து பார்த்தார்.

"தந்தம்னா என்ன, இதுவும் ஒரு பல்லுதானே. நான் தினமும் பல்லு பிடுங்கிட்டு வேற கட்டறேன். வெள்ளைக் கட்டைத் தகடு ஐம்பத்திரண்டையும் எடுத்துடுங்க. பல்லு செட் செய்யற பொருள்ல என் லேப்ல தகடு போட்டுத் தர்றேன்."

இன்ஸ்பெக்டரைக் கேட்டார்கள். தந்தம் முழுவதையும் தன் கண் முன்னால் எடுத்து ஒப்படைத்துவிட்டால் மிச்சம் வெறும் பியானோ, யார் வேண்டுமானாலும் யாருக்கும் விற்கலாம் என்றாள். மூன்று நாளில் அவர்கள் கேட்ட கேள்விகளில் நேரான பதில் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

சனிக்கிழமை காலையிலிருந்து ட்யூனர் இஸ்திரிப் பெட்டியும் ஈரத்துணியுமாக உட்கார்ந்தார். சூடு காட்டி, பசை இளகியதும் மெல்லிய கத்தியால் நெம்ப வேண்டும். ஒவ்வொரு தகடும் 'டிக்' என்று விட்டது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் எண்ணிப் பையில் போட்டாள். எல்லாம் முடிந்ததும் தராசில் வைத்தாள். நானூற்றுப் பத்து கிராம். ஏழாவது கட்டத்துக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது, யாருக்கும் இனி அது தேவையில்லாதபோது.

"இதை என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார்.

"கிடங்குல வச்சுப்போம். விக்க முடியாதே."

இத்தனை நாளும் அக்கா அந்த அழித்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள், பெட்டி கட்டச் சொன்னாள். பல் டாக்டர் பற்களின் நிறம் பார்க்கிற பட்டையைக் கொண்டுவந்தபோது தம்பியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற நிறங்களைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் மஞ்சளோடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். "அது ஐம்பது வயசுக்காரங்க பல்லுங்க" என்றார் டாக்டர். "இருக்கட்டும், அதோட வயசுக்கு அது இளமைதான்" என்றாள். தம்பியோடு சண்டை மட்டும் போடவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் அவருக்கு.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, பல் டாக்டர் வீட்டு ஹால். கடைசித் தகட்டை ஒட்டி முடித்துவிட்டு ட்யூனர் எழுந்தார். அக்கா உட்கார்ந்து வாசித்தாள். ஏதோ ஒரு மெதுவான மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் விரல் நழுவி அடுத்த கட்டையில் விழுந்தது. நிறுத்தினாள்.

"வழுக்குது."

"பழகிடும்க்கா. தந்தம் வேர்வையை உறிஞ்சிக்கும், இது உறிஞ்சாது." பிறகு அடக்க முடியாமல், "என்னாலதான்" என்றார்.

அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள். "அந்த முதல் கட்டையை உருவு" என்றாள்.

உருவினார். வெறும் மரம், இரண்டு ஓரமும் வெளுத்துப்போய். அக்கா எட்டி அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "எழுது."

அன்றைய தேதியைப் போட்டார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். கட்டையை உள்ளே வைக்கப்போனார்.

"அவ்வளவுதானா? அந்தப் பதினாலு பேரையும் எழுது."

தன்னுடைய தேதிகள் ஞாபகம் இருந்தன, அவற்றை எழுதினார். தனக்கு முன்னால் வந்தவருடைய எழுத்தையும் வருஷத்தையும் எழுதினார். அதற்கு முந்தையவர்களில் ஏழெட்டுப் பேரைத் தட்டுத்தடுமாறி எழுதினார், வரிசை சரிதானா என்று தெரியாமலே. உச்சிக்கு வந்தபோது கை நின்றது. சாய்ந்த அந்தக் கையெழுத்து கண்ணில் நின்றது, ஆனால் வருஷத்தின் கடைசி எண் மூன்றா, எட்டா என்று பிடிபடவில்லை. இருபத்தாறு வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்ன தேதி.

"மூணுன்னு சொல்லியிருக்கேனா, எட்டுன்னு சொல்லியிருக்கேனாக்கா?"

அக்கா யோசித்தாள். "எனக்கும் தெரியலடா" என்றாள். அவள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். அத்தான் போனபோதுகூட அவர் எதிரில் அவள் அழுததில்லை.

அந்த இடத்தை அவர் காலியாக விட்டார். அடியில், 'இதற்கு மேல் இருந்ததை அழித்தது நான்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். கட்டையை அவளே உள்ளே தள்ளினாள். பல் டாக்டர் மனைவி பாடப் புத்தகத்தோடு கதவருகே வந்து நின்றாள். அக்கா அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வழுக்கிய அந்த இடத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.